ஒசாகா போக உகந்த நாள்

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு

அடுத்தவர்களின் பயணத்துக்கு டிக்கெட் போட்டே என் வேலைக்காலம் முடிந்துவிட்டது. திருச்சி ஜங்ஷன் முன்பதிவுக் கவுன்ட்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். இந்தப் பக்கம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கிருக்கும் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஜப்பானில் இருக்கும் என் மகன் பரிதியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அவன் ஒசாகாவில் எஞ்சினியர். போன வருடம் தன் தங்கை முல்லையின் கல்யாணத்துக்கு வந்தான். பந்தல் பிரிப்பதற்குள் கிளம்பிவிட்டான்.

இன்று போனில் கேட்டேன். “ஏப்ரல்ல வரட்டுமாடா? பூவெல்லாம் பூக்குமாமே.”

“அப்பதாம்மா உலகமே இங்க வரும். ரூம் கிடைக்காது.”

“உன் ரூம்லயே இருந்துக்கறோமே.”

“கம்பெனி ஹாஸ்டல்மா. வெளி ஆள் தங்கக் கூடாது.”

“சரி, மே?”

“மே முதல் வாரம் வரிசையா லீவு. கோல்டன் வீக்குன்னு பேரு. ரயில்ல நிக்கக்கூட இடம் இருக்காது.”

தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பரம் வண்டிகளின் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தவளிடம் கூட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறான். சிரித்துக்கொண்டேன். இனிமேல் அந்த ஊரின் விடுமுறைகளை நானே படித்துத் தெரிந்துகொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

காலையில் கீரை ஆய்ந்தேன். இவர் வழக்கம்போல் போனோடு மொட்டை மாடிக்கு நடக்கப் போய்விட்டார்.


மார்ச் 3, ஞாயிறு

இன்று ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். அரசு விடுமுறை கிடையாது, வீட்டுப் பழக்கம். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா ராணி பொம்மைகளை அடுக்குவார்களாம். நம் கொலுவேதான். படித்ததும் சந்தோஷமாகிவிட்டது.

வீடியோவில் பரிதி வந்தபோது பின்னால் அலமாரிமேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. “பொம்மை வெச்சிருக்கீங்களா?” என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டுப் போனை வேறு பக்கம் சாய்த்தான். “ஹாஸ்டல் வார்டன் வெச்சிருக்காங்கம்மா. எல்லா ரூம்லயும் வெப்பாங்க.”

ஆண்கள் ஹாஸ்டலில்கூட வைக்கிறார்கள் என்றால் பண்டிகையை எவ்வளவு மதிக்கிறார்கள் பாருங்கள் என்று இவரிடம் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்ததாம், திரும்பி வந்தார்.


ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். முல்லையும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது முல்லையிடம் ஜப்பான் பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரயிலில் போன் பேசக் கூடாது. டிப்ஸ் கொடுத்தால் அவமானமாக நினைப்பார்கள். பரிசை இரண்டு கையாலும் கொடுத்து, அற்பமான பொருள்தான் என்று சொல்ல வேண்டும். வாசலில் கழற்றிய செருப்பைத் திருப்பி, முனை வெளியே பார்க்கிறபடி வைக்க வேண்டும். எஸ்கலேட்டரில் இடது பக்கம் நிற்க வேண்டும்.

“ஒசாகால வலது பக்கம்,” என்றார் இவர், பாயசத்திலிருந்து தலையைத் தூக்காமல். “டோக்கியோலதான் இடது.”

இவர் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். எதையாவது படித்துக்கொண்டே இருப்பார். ஆனாலும் எனக்கு ஆச்சரியம். “எங்க படிச்சீங்க?”

“ஏதோ வீடியோல வந்துச்சு.”

முல்லை எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் டம்ளர் நிரம்பித்தான் இருந்தது. அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றியது. நல்ல செய்தியாக இருந்தால் அவளே சொல்வாள். நான் கேட்கவில்லை.


ஜூன் 9, ஞாயிறு

ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வருகிறது. முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் அம்மா அப்பாவைத் தேடிச் சொந்த ஊருக்குப் போவார்கள்.

“அப்ப நீ இங்க வாயேன்டா,” என்றேன் பரிதியிடம்.

“டிக்கெட் கிடைக்காதும்மா.”

முன்பதிவுக் கவுன்ட்டர் சூப்பர்வைசராக இருந்தவளிடம் டிக்கெட் கிடைக்காது என்கிறான்.

“அப்ப நாங்க வர்றோம்.”

“செம வெயில்மா. பாதிக் கடை மூடியிருக்கும். உன் உடம்புக்கு ஆகாது.”

என் உடம்புக்கு என்ன? கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது கொரோனா வந்த வருடம். அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல்கூட இல்லை. திருச்சி வெயிலில் பிறந்து வளர்ந்தவளிடம் வெயிலைப் பற்றிச் சொல்கிறான்.

டிசம்பர் கடைசியில் எல்லாம் மூடிவிடுவார்களாம். ஜனவரி குளிராம். என் பிள்ளைக்கு என்மேல் அக்கறை அதிகம். அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.


ஜூலை 7, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை அங்கே முதியோரை மதிக்கும் நாள். அரசு விடுமுறை. அடுத்த ஞாயிறு, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் ஈடாகத் திங்களும் விடுமுறை. இரண்டு நீண்ட வார இறுதிகள், நடுவில் கூட்டமில்லாத வேலை நாட்கள். வெயில் இறங்கும், குளிர் வந்திருக்காது. புயல் மட்டும் வரக்கூடும். நிவர் புயலையே பார்த்தாயிற்று.

முதியோரை மதிக்க ஒரு நாடே விடுமுறை விடும் அன்று, பெற்றவர்களை அவன் எப்படி வேண்டாம் என்பான்?

இவரிடம் சொல்லவில்லை. விசா வாங்கித் தரும் ஏஜென்ட் இவர் பாஸ்போர்ட்டையும் கேட்டபோது மட்டும், “சும்மா வாங்கி வெச்சுக்கலாமே” என்றேன். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். விண்ணப்பத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். உதவி செய்கிறாரே என்று நினைத்தேன்.


ஆகஸ்ட் 15, வியாழன்

டிக்கெட் போட்டுவிட்டேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஒசாகா. என் பென்ஷன் பணத்தில். கொடியேற்றம் பார்த்துக்கொண்டிருந்த இவரிடம் சொன்னேன். டிவியை அணைத்தார்.

“பரிதிகிட்ட கேட்டியா அமிர்தம்?”

“கேட்டா இன்னொரு பண்டிகை சொல்லுவான்.”

“அவனுக்கு அங்க என்ன சௌகரியமோ.”

“ஹோட்டல்ல இருந்துக்கலாம். அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. லீவு நாள்ல வந்து பாக்கட்டும், போதும்.”

இவர் வியர்த்துப் போயிருந்தார். போன நவம்பரில் பென்ஷன்தாரர் நண்பர்களோடு காசி, கயா என்று சுற்றிவிட்டு வந்தபோதும் இப்படித்தான் முகம் வெளுத்துக் களைத்திருந்தார். அலைச்சலில் கங்கைத் தண்ணீர்கூட எடுத்துவர மறந்துவிட்டார். இவருக்குப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. மாத்திரைகளை மறக்காமல் எடுத்துவைக்க வேண்டும்.


செப்டம்பர் 11, புதன்

முறுக்கு சுட்டேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அதிரசம். அதிரசப் பாகு ஒரு பதம் தவறிவிட்டது, பரவாயில்லை.


செப்டம்பர் 14, சனி. ஒசாகா

பரிதி விமான நிலையத்துக்கு வந்தான். இளைத்திருக்கிறான். காதோரம் இரண்டு நரை. என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அப்பாவைப் பார்த்து வெறுமனே தலையசைத்தான். அவரும் அப்படியே.

ஹோட்டல் சுத்தமாக இருக்கிறது. எஸ்கலேட்டரில் எல்லோரும் வலது பக்கம்தான் நிற்கிறார்கள்.

“திங்கக்கிழமை லீவுதானே? உன் இடத்தைக் காட்டேன். வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடறேன்,” என்றேன்.

“அன்னிக்கு எனக்கு மட்டும் ஷிஃப்ட் இருக்கும்மா.”

நாடே விடுமுறையில் இருக்கும்போது இவனுக்கு மட்டும் வேலை. அவனுடைய விலாசம் எனக்கு மனப்பாடம். வருடா வருடம் பொடியும் முறுக்கும் பார்சல் அனுப்புகிறவள் நான்தானே.


செப்டம்பர் 16, திங்கள்

இன்று எழுத முடியாது.


செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் இவர் கண்ணயர்ந்தார். அதிரச டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பரிதி வேலையிலிருந்து வரும்போது ஹாஸ்டல் வாசலில் நின்றால் அவன் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான் என் திட்டம். ரயில் பாதை எனக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு பெரியவர் கூடவே நடந்துவந்து தெருவைக் காட்டிவிட்டுப் போனார்.

அது ஹாஸ்டல் இல்லை. பால்கனிகளில் துணி காயும் குடும்பக் குடியிருப்பு. இரண்டாம் மாடியில் அந்த எண் போட்ட கதவின் பக்கத்தில் ஒரு சைக்கிள், பின்னால் குழந்தை உட்காரும் இருக்கை. விலாசம் தவறோ என்று நினைத்துக்கொண்டே மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவள் ஒரு ஜப்பானியப் பெண். முப்பத்தைந்து இருக்கலாம். மாவு ஒட்டிய கை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மன்னிக்கவும், வீடு மாறி வந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் அந்த வாசற்படியிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து தமிழில் சொன்னாள்.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க.”

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. பல தடவை சொல்லிப் பழகிய வாக்கியம்.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. காது இரண்டும் பரிதியின் காது. விடைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் வளைந்து. அந்தக் காதைப் பிடித்து எத்தனை தடவை எண்ணெய் தேய்த்திருக்கிறேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்தேன். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினேன். கை தானாகச் செய்தது.

அவள் பெயர் மிஹோ. எனக்கு டீ போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கல்யாணம் நான்கு வருடத்துக்கு முன்னால். குழந்தைக்கு அடுத்த மாதம் மூன்று முடிகிறது. நான் ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன், அவளைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதைத் தான் புரிந்துகொண்டதாகச் சொன்னாள். அந்நியப் பெண்ணை என்னால் ஏற்க முடியவில்லை, பரிதி காலில் விழுந்து கேட்டும் நான் மறுத்துவிட்டேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியுமாம். ஆனாலும் ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் மனம் மாறி வருவேன் என்று காத்திருந்தாளாம்.

“இன்று வந்துவிட்டீர்கள்,” என்றாள். அழுதாள்.

நான் மறுத்தேனாம். எந்த நாளில்? எந்த வீட்டில் நின்று? என்னிடம் யார் வந்து கேட்டார்கள்?

“குழந்தையின் பெயர் என்ன?” என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“அமி. உங்கள் பெயர்தான். அமிர்தவல்லி.”

என் பெயரை எடுத்து ஒரு குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அப்போது கதவு திறந்தது. பரிதி. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு இவர். அறையில் என்னைக் காணாமல் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். இருவரும் என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள்.

குழந்தை என் பக்கத்திலிருந்து எழுந்து, “தாத்தா” என்று கத்திக்கொண்டு ஓடியது. ஓடிப்போய் இவர் காலைக் கட்டிக்கொண்டது. இவர் பழக்கத்தில் குனிந்தார். அது நேராகச் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

பையில் என்ன இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

மருமகளையும் பேத்தியையும் பார்த்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கல்கண்டைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்பா போன நவம்பரில் வந்திருந்தார்,” என்றாள் மிஹோ கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்களுக்குள் எதையோ சரிசெய்கிற குரலில் பெருமையாகச் சொன்னாள். “அந்த வாக்கியம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.”

நான் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.


செப்டம்பர் 18, புதன்

மிஹோ வற்புறுத்தியதால் என் பெட்டியை இங்கே கொண்டுவந்துவிட்டேன். இவர் ஹோட்டலில் இருக்கிறார்.

காலையில் பக்கத்துப் பூங்காவுக்குப் பரிதி கூட்டிப்போனான். இவரும் வந்தார். பெஞ்சில் நான் ஒரு ஓரம், அவர்கள் மறு ஓரம்.

“உனக்கு ஆபரேஷன் ஆன நேரம் அமிர்தம்,” என்றார் இவர். “அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொன்னார்.”

“டாக்டர் எத்தன மாசத்துக்குச் சொன்னார்?”

“அப்புறம் முல்லைக்கு வரன் பாத்துட்டிருந்தோம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா...”

“முல்லை கல்யாணம் போன வருஷமே முடிஞ்சிது.”

“அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

“மொட்டை மாடிக்குப் போய் தினம் குழந்தைகிட்டப் பேசத் தெரிஞ்சுது. மருமகளுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சுது. கீழ இறங்கி வந்து எங்கிட்டச் சொல்லத்தான் தெரியல.”

அவர் கைக்குட்டையை எடுத்தார். நான் பரிதி பக்கம் திரும்பினேன்.

“நான் ஒத்துக்கலன்னு ஏன்டா சொன்னே?”

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மிஹோவோட அம்மா கேட்டாங்கம்மா. உங்க வீட்லேர்ந்து கல்யாணத்தப்ப ஏன் யாரும் போன்லகூடப் பேசலன்னு. இங்க அதெல்லாம் பெரிய விஷயம். அம்மாகிட்ட இன்னும் சொல்லவே இல்லன்னு சொன்னா என்னக் கேவலமா நெனப்பாங்க. அம்மா கொஞ்சம் பழைய ஆளு, கோவமா இருக்காங்கன்னு சொன்னேன். ரெண்டு மாசத்துல சரிபண்ணிடலாம்னு பாத்தேன்.”

“நான் ஒத்துக்குவேன்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“தோணிச்சும்மா” என்றான். “அதுக்குள்ள ரொம்ப நாளாயிடுச்சு.”

எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்தான். “மிஹோகிட்ட சொல்லிடாதம்மா. அவளுக்குப் பொய்தான் ஆகாது. நீ மன்னிச்சிட்டதாவே இருக்கட்டும். எல்லாருக்கும் நல்லதா முடியும்.”

எல்லாருக்கும்.


செப்டம்பர் 19, வியாழன்

துணி துவைத்துக் காயப்போட்டேன். அமிக்குத் தலை வாரினேன். ரசம் வைத்தேன், மிஹோ இரண்டு கிண்ணம் குடித்தாள்.


செப்டம்பர் 20, வெள்ளி

முல்லைக்குப் போன் செய்தேன். “உனக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

“மாப்பிள்ளைக்கு?”

“தெரியும்.”

“என் தங்கச்சி சுலோச்சனாவுக்கு?”

“சித்திக்குப் போன தீபாவளிக்குத்தான் தெரியும்.”

போன தீபாவளிக்கு சுலோச்சனா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பரிதிக்குப் பெண் பார்ப்பது பற்றி நான் பேசிக்கொண்டே போனதையும், அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அவமானத்தில் உடம்பு சுடுகிறது. வரும் பெண்ணுக்குக் கொடுக்க எடுத்துவைத்த வளையலைக்கூட அன்றைக்கு எல்லோருக்கும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.


செப்டம்பர் 22, ஞாயிறு

பகலும் இரவும் சமமான நாள். இன்று இங்கே குடும்பங்கள் தங்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும். மிஹோ தன் அப்பாவின் கல்லறைக்கு என்னை அழைத்தாள். பரிதியும் கிளம்பினான். “நாங்க ரெண்டு பேரும் போய்ட்டு வர்றோம்,” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அமியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். தடுக்க அவனுக்குத் தைரியமில்லை.

வயல் ஓரமெல்லாம் இலையே இல்லாமல் தண்டின்மேல் சிவப்புப் பூக்கள். இந்த நாளுக்கென்றே பூக்குமாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குப் பறித்துப்போக மாட்டார்களாம். மிஹோ ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். மூங்கில் அகப்பையால் மொண்டு கல்லின்மேல் ஊற்றினாள். எனக்கும் ஒரு துணி கொடுத்தாள். நான் பக்கவாட்டில் படிந்திருந்த பாசியைத் தேய்த்தேன். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டோம்.

“அப்பாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்,” என்றாள் ஆங்கிலத்தில். “ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பரிதியைச் சாப்பிட அழைத்தார். அதனால் நீங்களும் ஒருநாள் அழைப்பீர்கள் என்று நம்பினேன். ஆனால் நடுவில் ஒரு வருடம் நான் உங்களை ரொம்ப வெறுத்தேன். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.”

நான்கு நாளாக ஊமையாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மன்னித்த மாமியாராகவே ஊருக்குப் போய்விடலாம். அந்தக் குழந்தைக்காக. ஆனால் அவள் தன் அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்கிறாள். நான் என் பிள்ளையின் பொய்யைச் சுமந்துகொண்டு நிற்கிறேன்.

“மிஹோ,” என்றேன். “நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை நீ கதவைத் திறக்கும் வரை எனக்கு எதுவுமே தெரியாது.”

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னும் எளிய சொற்களில் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அவளுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. அகப்பையை வாளிக்குள் வைத்தாள். கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கல்லறைக்கு வந்த குடும்பம் பூ வைத்து, கும்பிட்டு, தலை வணங்கிப் போயிற்று. அவள் அசையவில்லை.

“நான்கு வருடம்,” என்றாள். பிறகு தமிழில், “எனக்கும் தெரியாது, அம்மா.”

திரும்பி வரும்போது வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவள் அழவில்லை. நானும் அழவில்லை.


செப்டம்பர் 24, செவ்வாய். விமானத்தில்

வழியனுப்ப மிஹோவும் அமியும் வந்தார்கள். பரிதியும் வந்தான், தனி ரயிலில்.

இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூர் வரை ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். “உன் நல்லதுக்குத்தான்” என்று ஒருமுறை சொன்னார். “அந்த வார்த்தைய மட்டும் இனிமே சொல்லாதீங்க” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.


அக்டோபர் 6, ஞாயிறு

பரிதி பேசினான். மிஹோ வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாளாம். வாரக் கடைசியில் குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாளாம்.

“உனக்கு இப்ப சந்தோஷமாம்மா?” என்று கேட்டான்.

“இல்லடா,” என்றேன். உண்மை அதுதான். அவன் குரல் உடைந்தது. ஆனால் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இவருக்குத் தனியாகச் சமைத்து வைத்துவிடுகிறேன். சேர்ந்து சாப்பிட உட்கார முடியவில்லை. எதிரே உட்கார்ந்தால் இவர் முகத்தில் இன்னும் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று தேடத் தொடங்கிவிடுகிறேன். உப்பு போதுமா என்று கேட்டால்கூட, போதும் என்று சொல்வது நிஜமா என்று தோன்றுகிறது.

சுலோச்சனா வந்தாள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.


அக்டோபர் 20, ஞாயிறு

இன்று காலை மிஹோவே நேராக என் போனுக்குக் கூப்பிட்டாள். பக்கத்தில் அமி எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் நடுவில் மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்கு கிமோனோ கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்களாம். அமிக்கு இந்த வருடம் மூன்று. முறைப்படி பதினைந்தாம் தேதி. அது வெள்ளிக்கிழமை, விடுமுறை கிடையாது. அதனால் அதற்கு முன்னோ பின்னோ ஒரு சனி ஞாயிறில் வைத்துக்கொள்வார்கள்.

“பரிதிக்கு எந்த நாள் சௌகரியம்?” என்று கேட்டேன்.

“அவரிடம் இன்னும் கேட்கவில்லை,” என்றாள். “அவரைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது அமியின் நாள்.” பிறகு தமிழில், மெதுவாக, சொல் சொல்லாக எடுத்துவைத்தாள். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. போனிலேயே தேடிப் படித்திருப்பாள்.

“அம்மா, உங்களுக்கு எந்த நாள் வசதி?”

அழுகிறேன் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

“பதினாறு, சனிக்கிழமை,” என்றேன்.

போனை வைத்தபோது இவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

“நானும் வரட்டுமா அமிர்தம்?”

“எங்கிட்டக் கேக்காதீங்க,” என்றேன். “கூப்பிட்டது மிஹோ. அவளக் கேளுங்க.”

அவர் போனைக் கையில் எடுத்தார். மொட்டை மாடிக்குப் போகவில்லை. என் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரே ஒரு டிக்கெட் போட்டேன்.